எண்ணெய் வடியும் முகம்

வேலூர் ஜனங்கள் காலையில் பல் துலக்கியதும் செய்துகொண்டிருந்த இரண்டாவது காரியம், யாழ்வதனி என்ற பெண்ணின் முகப்பருவை எடுத்துத் தங்கள் முகத்தில் பூசிக்கொண்டது. அவர்களுக்கு இது தெரியாது. டப்பாவின் மேல் தாமரைப் பூவும் ஒரு சொட்டுத் தண்ணீரும் வரைந்திருந்தார்கள். ‘நிழலி, நாள்தோறும் உங்கள் முகத்துக்கு ஒரு நிழல்’ என்று எழுதியிருந்தது. தாமரைக்கும் அதற்கும் மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் உள்ள சம்பந்தம்தான். எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தச் சரக்கை வளர்த்த அறைக்கு நான்தான் பொறுப்பு. பெயர் மெட்டில்டா. கிருமிகளை ஆராய்ந்து பட்டம் வாங்கியவள். கிருமிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. மனிதர்களைப் பற்றி அந்த அளவுக்குச் சொல்ல முடியாது.

முதலில் வெயிலைச் சொல்லிவிடுகிறேன். வேலூருக்கு வெயில் புதிதல்ல, ஆனால் இது வேறு வெயில். பூமியைக் குளிர்விக்கிறேன் பேர்வழி என்று பெரிய தேசங்கள் வானத்தின் உச்சியில் ஏதோ பொடியைத் தூவின. பூமி குளிர்ந்ததோ இல்லையோ, வெயிலைச் சலித்து அனுப்பிக்கொண்டிருந்த மேல்வானத்துச் சல்லடை கிழிந்துபோயிற்று. தூவியவர்கள் குளிர்தேசக்காரர்கள், அவர்களுக்கு என்ன போயிற்று? இங்கே காட்பாடி மேம்பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றால் கன்னம் கொப்புளித்தது. சில வருஷம் நின்றவர்களுக்குத் தோலில் புற்று வந்தது.

வெளியே போகிற எல்லாரும் வெயில்காப்புப் பசை பூசித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். போட்டவர்களுக்கு வறண்ட தோல் போலிருக்கிறது. நம் ஊரில் பாதிப் பேர் முகத்தில் அப்பளம் பொரிக்கலாம். அந்த முகத்தில் வெள்ளைப் பசையை அப்பினால், பஸ் ஏறுவதற்குள் வியர்வையோடு வழிந்து சட்டைக் காலருக்கு வந்துவிடும். வழியாமல் மிஞ்சியது தோலின் துவாரங்களை அடைத்துக்கொண்டு பருவாகக் கிளம்பும். பூசினால் பரு, பூசாவிட்டால் கொப்புளம். வயசுப் பிள்ளைகள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? கொப்புளத்தை. புற்றுக்குப் பயப்படாதவன்கூடப் பருவுக்குப் பயப்பட்டான். புற்று வந்தால் ஊர் இரக்கப்படும், பரு வந்தால் சிரிக்கும்.

எங்கள் முதலாளி குணசீலன் அதற்கு முன்னால் சிவப்பழகுக் களிம்பு விற்றுக்கொண்டிருந்தார். ஊரே வெந்து சிவந்துவிட்டதால் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. எண்ணெய் முகத்துக்கு ஒத்துவருகிற, பரு வரவழைக்காத வெயில்காப்பு ஒன்று வேண்டும் என்று என்னிடம் வந்தார். எண்ணெயைத் துடைத்துத் துடைத்துத் தோற்பதைவிட, அந்த எண்ணெயைத் தின்று வாழ்கிற ஒன்றை முகத்தில் குடிவைக்கலாம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிந்ததுபோலத் தலையாட்டினார், அது அவருக்குக் கைவந்த கலை.

வெயிலில் வேலை செய்கிறவர்களின் முகங்களைப் பஞ்சால் துடைத்துச் சோதித்துக்கொண்டிருந்தபோதுதான் வதனி அகப்பட்டாள். காட்பாடி கூட்டுரோட்டில் போக்குவரத்துக் காவலருக்கு உதவியாகக் கொடி பிடிக்கிற வேலை. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். நெற்றியிலிருந்து தாடை வரை பரு. சின்னதும் பெரிதும், பழுத்ததும் பழுக்காததும், ஆறிய இடத்தில் குழியும். அதற்கு மேல் எண்ணெய் மினுமினுப்பு. கூட நின்றவர்களுக்கெல்லாம் மூக்கும் காதும் உரிந்து தொங்கின. அவளுக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை.

அவள் கன்னத்திலிருந்த கிருமி, எல்லார் முகத்திலும் இருக்கிற பருக்கிருமிதான். ஆனால் அவள் முகத்தில் அது ஒரு வித்தை கற்றிருந்தது. தோலின் எண்ணெயைத் தின்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தைக் கக்கியது. அந்தப் படலம் வெயிலைக் குடித்தது. தனக்குக் குடை பிடித்துக்கொண்டது, தான் குடியிருந்த முகத்துக்கும் சேர்த்து. குணசீலனிடம் இதைச் சொன்னபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“அப்ப ஒரு தடவை எடுத்துட்டா போதுமே டாக்டர்? நம்ம லேபுலயே வளர்த்துக்கலாமே?”

“வளர்க்கலாம் சார். கொஞ்சக் காலம். அப்புறம் வித்தையை மறந்துடுது. எண்ணெயைத் தின்னும், நிழல் தராது. ஒரே உறைமோரை மாத்தாம தோய்ச்சுக்கிட்டே இருந்தா தயிர் புளிச்சு நூல் விடுதில்ல, அந்த மாதிரி. வாரா வாரம் அந்தப் பொண்ணு மூஞ்சியிலேருந்து புது உறை எடுக்கணும்.”

“பரு வருமே, பூசிக்கிறவங்களுக்கு?”

வரும்தான். அசல் கிருமி ஓர் எண்ணெய் முகத்தில் ஏறிவிட்டால் இறங்காது. நிழலும் தரும், பருவும் தரும். அதனால் அதன் காலை ஒடித்து வளர்த்தோம். டப்பாவில் அடைத்த கிருமி காலையில் நிழல் தந்து சாயங்காலம் செத்துப்போகும், பரு உண்டாக்க அதற்கு நேரம் இருக்காது. தினமும் செத்ததால் தினமும் பூச வேண்டியிருந்தது, தினமும் பூசியதால் டப்பா தீர்ந்தது. குணசீலனுக்கு விஞ்ஞானத்தில் புரிந்தது இந்த ஒரு பாகம்தான், இதை மட்டும் ஒரே தடவையில் புரிந்துகொண்டார்.

வதனிக்குத் ‘தர நிர்ணய உதவியாளர்’ என்று வேலை கொடுத்தார்கள். தரத்தையும் அவள் நிர்ணயிக்கவில்லை, யாருக்கும் உதவவும் இல்லை. செவ்வாய்க்கிழமை தோறும் என் முன்னால் வந்து உட்கார்ந்து முகத்தைக் காட்டுவாள், நான் கையுறை மாட்டிக்கொண்டு பஞ்சால் எடுப்பேன். ஒப்பந்தம் போட்டார்கள். அவளோ அவளைச் சேர்ந்தவர்களோ அவள் முகத்தில் சோப்பு, பயத்தமாவு, மஞ்சள், பரு மருந்து எதையும் போடக் கூடாது, மாத்திரை விழுங்கக் கூடாது. மஞ்சளைச் சேர்க்கச் சொன்னது நான். மஞ்சள் தனியாக இருந்தால் இந்தக் கிருமிக்கு இருமல் மாதிரி. மஞ்சளைப் பூசி வெயிலில் உட்கார்ந்தால் எமன்.

நிழலி ஊரைப் பிடித்துக்கொண்டது. எண்ணெய் முகக்காரர்கள் முதல்முறையாகப் பரு பயமில்லாமல் வெயிலில் நடந்தார்கள். வறண்ட முகக்காரர்களுக்கு, கிருமிக்குத் தீனியாக எண்ணெய் கலந்த தனி டப்பா. ரோடு போடுகிறவர்களுக்கும் கொடி பிடிக்கிறவர்களுக்கும் அரசாங்கம் வாங்கி இலவசமாகக் கொடுத்தது. விளம்பரத்தில் நடித்த பெண்ணின் கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கிவிடும். அவளும் ஒரு செவ்வாய்க்கிழமை கம்பெனிக்கு வந்திருந்தாள். வராந்தாவில் எதிரே வந்த வதனியைப் பார்த்து, ஒட்டிக்கொள்ளுமோ என்று சுவரோரமாக ஒதுங்கி நடந்தாள். முகம் முழுக்க அவளைப் பூசிக்கொண்டுதான் ஒதுங்கினாள்.

கேன்டீனில் வதனி உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். டீ கொடுக்கிறவர் டம்ளரைக் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுப் போவார். முதலாளியின் மனைவி சுபத்ரா அம்மாள் ஒருநாள் என்னிடம், அந்தப் பெண் சின்ன வயதில் பஜ்ஜி போண்டாவாகத் தின்றிருக்கும், அதான் முகத்தில் கக்குகிறது என்று மருத்துவ விளக்கம் கொடுத்தார். அந்தம்மாள் பட்டம் வாங்கியது சமையல் நிகழ்ச்சிகளில்.

ஆனால் அவமானத்தை வதனி பொருட்படுத்தவில்லை, பள்ளிக்கூடத்திலிருந்தே பழகியது. வலியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கன்னத்துக்குள் ஆழத்தில் முடிச்சு முடிச்சாகக் கட்டிக்கொள்கிற பரு அது. ஒரு செவ்வாய்க்கிழமை நான் பஞ்சை வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“இந்தப் பக்கம் படுத்தா இந்தக் கன்னம் தெறிக்குதுக்கா, அந்தப் பக்கம் படுத்தா அந்தக் கன்னம். மல்லாக்கவே படுத்து முதுகு போச்சு. வாயத் தொறந்து சிரிச்சாகூட வலிக்குது. இன்னா பண்றது சொல்லு.”

தோல் டாக்டரிடம் காட்டியிருந்தாள். ஆறு மாசம் மாத்திரை விழுங்கினால் எண்ணெய் வற்றி, முகம் சரியாகிவிடும் என்று அவர் சொல்லியிருந்தார். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், ஒரு பக்கமாகப் படுத்துத் தூங்க ஒரு கன்னம். அனுமதி கேட்க அவளை நான்தான் முதலாளியிடம் கூட்டிப்போனேன்.

குணசீலன் அன்றைக்கு நல்ல மூடில் இருந்தார். தியாகத்தைப் பற்றிப் பேசினார். மெழுகுவர்த்தி, சந்தனக்கட்டை, செருப்பு வரைக்கும் வந்தார். அவள் இனி சாதாரணப் பெண் அல்ல, இந்த ஊருக்கே ஒரு குடை என்றார்.

“குடைக்கு வலிக்காது இல்ல சார்,” என்றாள் வதனி.

அவர் அதற்கும் தலையாட்டினார். சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொன்னார். அவள் போன பிறகு, வேறு முகம் கிடைக்கிற வரை இவளை விட முடியாது என்றும், கிடைத்தாலும் விடுவதாக இல்லை என்றும் என்னிடம் சொன்னார்.

வேறு முகம் தேடினேன். எண்ணெய் வழியும், பரு நிறைந்த முகம் உள்ளவர்களுக்கு நல்ல வேலை என்று விளம்பரம் கொடுத்தோம். மறுநாள் கம்பெனி வாசலில் கூட்டம். பவுடர் இல்லாமல் குப்பை கொட்டக்கூட வெளியே வராத ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். பாதிப் பேர் முகத்தில் தேங்காயெண்ணெய். ஒருவர் விளக்கெண்ணெய் தடவி வந்திருந்தார், கிட்டப் போக மூக்கைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஓர் அம்மாள் மகளின் கன்னத்தில் குங்குமத்தால் பரு வைத்து அழைத்து வந்திருந்தாள். காசு வருகிறது என்றால் அசிங்கம்கூட அழகாகிவிடும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதை இவ்வளவு எண்ணெயோடு பார்த்ததில்லை. அத்தனை முகத்தையும் சோதித்தேன். ஒருவரிடமும் அந்த வித்தை இல்லை. வதனியின் அசல் கிருமியை இவர்களில் ஒருவருக்கு ஏற்றிப் பார்க்கலாம் என்றேன், அது முகத்துக்கு முகம் பரவினால் டப்பாவை யார் வாங்குவார்கள் என்று குணசீலன் மறுத்துவிட்டார்.

வதனியைக் கட்டிப்போட குணசீலன் கண்டுபிடித்த வழி கல்யாணம். ஒப்பந்தம் முடிந்தால் போய்விடுவாள், கம்பெனி ஆளைக் கட்டிக்கொண்டால் எங்கே போவாள்? விற்பனைப் பிரிவில் இருந்த கோகுலவாசன் என்பவனுக்குப் பதவி உயர்வும் வீடும் தருவதாகச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார். பையன் பார்க்க லட்சணமாக இருப்பான். முதுகெலும்பு மட்டும் கடவுள் வைக்க மறந்துவிட்டார். பெண் பார்க்க வந்த அன்று அவன் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை என்று வதனியின் அம்மா கன்னியம்மாளுக்கு மகா சந்தோஷம். பிறகு வதனி என்னிடம் சொன்னாள்:

“அவுரு மூஞ்சியவே பாக்கலக்கா. தரையத்தான் பாத்தாரு. சுளிக்கல, அவ்ளோதான்.”

ஆனாலும் சரி என்றிருந்தாள். கல்யாணம் ஆனால் புருஷனாவது தனக்காகப் பேசுவான், மாத்திரைக்கு வழி பிறக்கும் என்று நினைத்திருக்கிறாள். அவள் நினைத்ததைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று அப்போது தெரியவில்லை.

கல்யாணச் செலவு முழுக்கக் கம்பெனியுடையது. அதனால் சுபத்ரா அம்மாள் முன்னால் நின்று எல்லாம் செய்தார். அந்த அம்மாளுக்கு நாலு பேர் பார்க்கத் தர்மம் செய்வதென்றால் சோறு தண்ணி வேண்டாம். கல்யாணத்துக்கு ஐந்தாறு நாள் முன்னால் நலங்கு வைத்தார்கள். தோட்டப்பாளையத்தில் வதனியின் வீடு குருவிக்கூடு, அதனால் மொட்டை மாடியில் ஏற்பாடு. வீடியோவுக்கு வெளிச்சம் போதவில்லை என்று படம் பிடித்தவன் சொல்ல, சுபத்ரா அம்மாள் பந்தல் துணியைச் சுருட்டச் சொன்னார். குணசீலனும் மாப்பிள்ளையும் கீழே மின்விசிறிக்கு அடியில் வியாபாரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நலங்கு பெண்கள் சமாசாரம். ஒப்பந்தத்தில் மஞ்சள் என்று எழுதியிருந்தது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கலாம், நலங்கில் மஞ்சள் உண்டு என்பது ஞாபகம் இருந்திருக்காது. சுபத்ரா அம்மாளோ தன் வீட்டுக் கரண்ட் பில்லைக்கூடப் படித்தவர் அல்ல.

வதனி மணையில் உட்கார்ந்திருந்தாள். கிண்ணம் நிறைய அரைத்த மஞ்சளும் சந்தனமும். முதல் மரியாதை சுபத்ரா அம்மாளுக்கு. பெண்ணின் கன்னத்தைத் தொட மனமில்லாமல் அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கினார், பிறகு தோரணத்திலிருந்து ஒரு மாவிலையைக் கிள்ளி, அதைக் கொண்டு மஞ்சளை எடுத்துப் பூசினார். சாங்கியத்துக்கு ஒரு தீற்று போதும். ஆனால் வீடியோவில் பரு தெரிகிறதே!

“நல்லா கனமா பூசுங்கம்மா எல்லாரும். குழி, மேடு ஒண்ணும் தெரியக் கூடாது. நாளைக்கு நாலு பேர் பார்க்கிற படம்.”

சொன்னதோடு நிற்கவில்லை, தானே நெற்றி, மூக்கு, தாடை என்று சுவருக்குப் பூசுகிற மாதிரிப் பூசினார். பின்னால் வந்த ஸ்டாஃப் வீட்டுப் பெண்களும் அதேபோல் மாவிலையால் பூசினார்கள். மேலே திறந்த வானம். வெயில் அந்த மஞ்சளில் இறங்கிக்கொண்டிருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், மேளம் வைத்து வீடியோ எடுத்து வைத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு வார்த்தை சொன்னால் நின்றிருக்கும். அங்கே அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் வதனியும். அவள் என்னைப் பார்த்தாள். கண்ணால் கெஞ்சினாள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், சும்மாதான் பார்த்தாள். நான் டப்பாவை நம்பி வெளியே போகிற லட்சக்கணக்கான பேரை நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வந்தவர்கள் விளக்கெண்ணெய்க்காரரும், சுவரோரமாக ஒதுங்கிய விளம்பரக்காரியும், மேசையில் டம்ளரை வைத்தவரும்தான். எரியட்டுமே என்று இருந்தது. வெயிலில் தார் ஊற்றுகிறவர்களை அப்போது நான் நினைக்கவில்லை. வாயைத் திறக்காமல் எழுந்து போய், என் பங்குக்கு நானும் மாவிலையால் பூசிவிட்டு வந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எடுத்த பஞ்சில் ஒன்றும் முளைக்கவில்லை. குணசீலன் என் அறைக்கு ஓடி வந்தார், வக்கீல் பின்னாலேயே வந்தார். அவள் மேல் வழக்குப் போட்டு அவளைத் தெருவில் நிறுத்தப் போவதாக முதலாளி கத்தினார். வக்கீல் பொறுமையானவர்.

“அவளோ அவளைச் சேர்ந்தவங்களோ பூசினாத்தான் குத்தம் சார். பூசினது உங்க வீட்டம்மா. வீடியோவுல தெளிவா இருக்கு. சுத்தி நின்னவங்களும் நம்ம ஸ்டாஃபு வீட்டுப் பொம்பளைங்கதான். ஒப்பந்தத்தை நாமே முடிச்சுக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு.”

வதனியை வேலையிலிருந்து எடுத்தார்கள். கோகுலவாசன் வீட்டிலிருந்து, ஜாதகத்தில் ஏதோ தோஷம் இப்போதுதான் தெரிந்ததாகச் செய்தி வந்தது. பாத்திரங்களில் இருந்த கடைசி உறையை இழுத்து இழுத்து வளர்த்தேன். நான் சொன்னபடியே வித்தையை மறந்தது. டப்பாவைத் திறந்து பூசியவர்களுக்கு வெறும் பசை கிடைத்தது, நிழல் கிடைக்கவில்லை. ஊர் கொப்புளிக்க ஆரம்பித்தது.

குணசீலன் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, தான் தப்பித்துக்கொள்ள உண்மையைச் சொல்லிவிட்டார். நிழலியின் மூலம் ஒரு பெண்ணின் பரு என்றும், அவள் கம்பெனியை ஏமாற்றிவிட்டாள் என்றும் பேரும் ஊரும் போட்டுச் சொன்னார். அதற்குப் பிறகு என் ஊர் ஜனங்கள் நடந்துகொண்டதைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பெண் வலியோடு தங்களுக்கு நிழல் தந்தாளே என்று ஒருவராவது நினைத்தார்களா? முகத்தைப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்தார்கள். அருவருப்புக்கு நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். வதனி வீட்டுக் கதவில் யாரோ சாணியை வீசிவிட்டுப் போனார்கள். வெயில் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு மாசம் போவதற்குள், அதே வாய்கள் அந்தப் பெண் எங்கே என்று விசாரிக்கத் தொடங்கின.

அதற்குள் வதனியின் முகத்தில் பரு திரும்பியிருந்தது. மஞ்சள் எட்டாத காதுமடலின் பின்னாலும், கூந்தல் ஓரத்திலும் ஒளிந்திருந்த கிருமி மறுபடி இறங்கி வந்துவிட்டது. அவள் பழையபடி வெயிலில் நடக்கிறாள், உரியவில்லை என்று யாரோ பார்த்து குணசீலனிடம் சொன்னார்கள். அவர் என்னை அனுப்பினார். புது ஒப்பந்தம், அவள் கேட்கிற சம்பளம். மரியாதைக்குத் தன் மனைவியையும் கூடவே காரில் ஏற்றிவிட்டார்.

காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். வதனி வீட்டு வாசலில் ஒரு சின்ன வரிசை. ரோடு போடுகிற பெண்கள் ஏழெட்டுப் பேர், தலையில் சும்மாட்டுத் துணி, முகத்தில் கருகிய தோல். ஒருத்தி மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தாள். எரியட்டுமே என்று நான் மாடியில் நினைத்தபோது எரிந்தவர்கள் இவர்கள்தான். சுபத்ரா அம்மாள் காரை விட்டு இறங்கவில்லை, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

வதனி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிரிக்காத மாத்திரை அட்டை. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

“இன்னொரு தபா கையெழுத்துப் போட மாட்டேங்க்கா. மாத்திரை வாங்கி வச்சிருக்கேன், பாத்தியா. அன்னைக்கே முழுங்கியிருப்பேன். இவங்க மூஞ்சிங்களப் பாத்தப்புறம் முழுங்க மனசு வர்ல.”

“அப்ப என்ன செய்யப் போற?”

“வேணுங்கிறவங்க வந்து எடுத்துக்கட்டும். துட்டு வேணாம். ஆனா டப்பாவுல குடுக்க மாட்டேன், பஞ்சுல குடுக்க மாட்டேன். எங்கன்னத்துல அவங்க கன்னத்த வச்சு எடுத்துக்கணும். பருவும் சேந்துதான் வரும், சொல்லிட்டுத்தான் குடுக்கிறேன். நாலு மூஞ்சில அது குடியேறிடிச்சின்னா நான் மாத்திரையப் போட்டுக்குவேன். அப்புறம் எம்மூஞ்சி எனக்கு.”

வரிசையில் முதலில் நின்றவள் பேபியம்மா என்கிற நடுவயதுக்காரி. பரு வந்தால் வரட்டும் தாயி, இந்த வயசுல என்னைப் பொண்ணு பார்க்கவா வரப்போறாங்க என்று சொல்லிக்கொண்டே குந்தி உட்கார்ந்தாள். தார் ஒட்டிய இரண்டு கையாலும் வதனியின் தலையைப் பிடித்து, கன்னத்தோடு கன்னம் வைத்தாள். வலித்திருக்கும். வதனி முகத்தை இழுத்துக்கொள்ளவில்லை. அம்மாவைத் தவிர யாரும் அந்தக் கன்னத்தைத் தொட்டதில்லை என்று எனக்குத் தெரியும். பேபியம்மா விலகியபோது இருவர் கன்னங்களும் ஈரமாக இருந்தன, யாருடைய கண்ணீர் என்று தெரியவில்லை. அடுத்தவள் வந்து குந்தினாள். அதற்கடுத்தவள் தன் முறை வருமுன்பே தலைத்துணியை அவிழ்த்துத் தயாராக நின்றாள்.

நான் காரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் சுபத்ரா அம்மாளின் முகம், உரிந்த மூக்கில் தடித்த பவுடர். கதவின் பிடியில் கை இருந்தது, திறக்கவில்லை. வெயில் வந்து உரித்தாலும் வறட்டுக் கௌரவத்தை விட மாட்டேன் என்கிற அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. வாழ்நாளெல்லாம் இப்படித்தான் சிரித்து வந்திருக்கிறேன்.

“நீ எடுத்துக்கிறியாக்கா?” என்றாள் வதனி. “உனக்கும் எண்ணெ மூஞ்சிதான். நல்லா புடிச்சுக்கும்.”

வரிசை முடிந்திருந்தது, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கிருமியைப் பற்றி அவர்களுக்குத் தெரியாத எல்லாம் எனக்குத் தெரியும். எத்தனை நாளில் பரு கிளம்பும், எங்கே முதலில் வலிக்கும், எந்த வடு போகாது என்று தெரியும். இத்தனை செவ்வாய்க்கிழமைகளில் ஒரு தடவைகூட வெறும் விரலால் நான் அவளைத் தொட்டதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கேன்டீனில் டம்ளரை மேசையில் வைத்தவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பட்டம்தான் வித்தியாசம்.

படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கை தானாகப் போய்ப் புடவைத் தலைப்பை எடுத்து என் கன்னத்தை அழுத்தித் துடைத்தது.

“தொடைக்காதக்கா,” என்றாள் வதனி. “எண்ணெ இருந்தாத்தான் ஒட்டும்.”

நான் தலைப்பை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.